கே போட்ட ஏகாம்பரமும் ஜி போட்ட ஏகாம்பரமும்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஒவ்வொருவராகச் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு ஆறாவதாக ஒருவர் கிளம்பி வந்து ‘நானும் அங்கேதான் இருந்தேன்’ என்றால் நம்பாதீர்கள்.

தட்டச்சுப் பயிலகத்தின் உரிமையாளர் ராகவன் சார், பி.ஏ. அவருடைய மேசைக்கு எதிரே, நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டிருந்த ஏகாம்பரம். பாலிடெக்னிக் ஒன்றில் ஜூனியர் லெக்சரர், வயது இருபத்தாறு. அவருடைய அப்பா முனுசாமி. ஒலக்கூருக்குப் பக்கத்து ஊரில் சொந்த நிலத்தில் மல்லாட்டையும், அதாவது நிலக்கடலையும், கேப்பையும் போடுகிறவர். ஏழாம் நம்பர் மெஷினில் ஹையர் பரீட்சைக்குப் பழகிக்கொண்டிருந்த கமலா. ஐந்தாவது ஆள் நான், சுந்தரம். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். மாதம் முப்பத்தைந்து ரூபாய்க்கு அங்கே வெளி வேலைகளை டைப் அடித்துக்கொண்டிருந்தவன். இடம் விழுப்புரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மாடி. காலம் அறுபதுகளின் தொடக்கம்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு வரி. ஏகாம்பரம் பேராசிரியராக ஓய்வு பெற்றபோது அவருடைய மாணவர்கள் மலர் போட்டார்கள். வழவழப்பான தாள், நல்ல அச்சு. அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் இப்படி இருந்தது: ‘தட்டச்சர் ஒருவரின் கைப்பிழையால் மேற்படிப்பில் ஓராண்டை இழந்தார்.’

அந்தத் தட்டச்சர் நான்தான். ஆனால் அது கைப்பிழை இல்லை. அந்தக் கை என் கையும் இல்லை. நம் தட்டச்சர் சங்க மலருக்குப் பழைய அனுபவம் ஏதாவது எழுதுங்கள் என்று இளையவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இதோ எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா படுத்தார், பள்ளிக்கூடம் நின்றது. பயிலகத்தைக் கூட்டிப் பெருக்க வந்தவன், மெஷின் காலியாக இருந்த நேரத்தில் பழகினேன். பரீட்சை எதுவும் எழுதியதில்லை. விரல் ஓடியது, ஆனால் அடித்த இங்கிலீஷில் பாதிக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. அதனால் எப்போதும் பயம். ஒரு பக்கத்தை அடித்து முடித்தால் முதலிலிருந்து ஒரு தரம் பார்ப்பேன், கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி ஒரு தரம் பார்ப்பேன். வீட்டுக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் வரை போனவன், ஒரு தேதி சந்தேகமாக இருக்கிறதென்று திரும்பி மாடியேறிய நாட்கள் உண்டு. என் மனைவி என்னைப் பூட்டை இழுத்துப் பார்க்கிறவன் என்றுதான் சொல்லுவாள்.

அந்தப் பயத்தைப் பற்றி எனக்கு இப்போது வெட்கமில்லை. படித்தவன் வார்த்தையைப் படிப்பான். நான் எழுத்தைப் படித்தேன். வார்த்தை தெரிந்தவன் கண் பாதியில் தாவிவிடும். எனக்குத் தாவத் தெரியாது.

இப்போது இருப்பவர்களுக்கு ட்ரூ காபி என்றால் தெரியாது. மெஷினில் காகிதத்தை வைத்தால் படம் வந்துவிடுகிறது. அப்போது சான்றிதழைப் பார்த்து அப்படியே டைப் அடிக்க வேண்டும். மேலே நடுவில் ட்ரூ காபி என்று தலைப்பு. அசலில் கையெழுத்து இருக்கும் இடத்தில், கையெழுத்திடப்பட்டது என்பதற்கு ‘எஸ்டி’ என்று போட்டுப் பெயர். முத்திரை இருந்தால் முத்திரை என்று எழுத்தால் குறிப்பு. அசலில் பிழை இருந்தால் பிழையையும் அப்படியே அடிக்க வேண்டும். திருத்த நமக்கு உரிமை கிடையாது. முடிந்ததும் ஒப்பிடுவது. ஒருவர் அசலைக் கையில் வைத்து எழுத்தெழுத்தாக, கமா, ஃபுல்ஸ்டாப் உட்படச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மற்றவர் நகலில் விரலை வைத்துக்கொண்டு போக வேண்டும். எனக்கு அசலை வாசித்தவர் பெரும்பாலும் கமலா. ஒப்பிட்டு முடித்த பக்கத்தின் பின்புறம், கீழ்மூலையில், நான் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை. புள்ளி இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அப்புறம் அது கெஜட்டட் அதிகாரி ஒருவரிடம் போகும். அவர் அசலோடு பார்த்துக் கையெழுத்திட்டு முத்திரை வைக்க வேண்டும். கட்டுக்கட்டாக வந்தால் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையெழுத்தை மட்டும் போடுகிறவர்களும் இருந்தார்கள்.

ராகவன் சாரைப் பற்றிக் குறை மட்டும் சொன்னால் அது நியாயமாகாது. சர்ட்டிபிகேட் இல்லாத என்னை மெஷினில் உட்கார வைத்தவர் அவர்தான். ஆனால் அவருக்கு ஒரு வியாதி, திருத்துவது. சட்டைப் பையில் எப்போதும் சிவப்புப் பென்சில். கல்யாணப் பத்திரிகை வந்தால் திருத்துவார். கீழே ஓட்டல் பில்லைத் திருத்திவிட்டுத்தான் காசு கொடுப்பார். பிழையைக் கண்டால் ‘அசிங்கம்’ என்பார், ஏதோ மிதித்துவிட்ட மாதிரி. அவருடைய மேசையில் தனி மெஷின் ஒன்று இருந்தது. அதில்தான் ரசீதும் கடிதமும் அவரே அடிப்பார். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

ஏகாம்பரம் முதல் தடவை வந்தது அந்த நாளுக்கு ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு முன். வடக்கே ஒரு பெரிய தொழில்நுட்பக் கல்லூரியில் எம்.டெக். சேர மனுப் போட வேண்டும். அவர்கள் கேட்டது இவ்வளவு: பொறியியலில் முதல் வகுப்புப் பட்டம், இரண்டு வருஷம் பாடம் நடத்திய அனுபவம், வேலை பார்க்கும் இடத்தின் வழியாகத்தான் மனு வர வேண்டும், பேராசிரியர் இருவரின் பரிந்துரை, இருபத்தேழு வயது முடிந்திருக்கக் கூடாது. வயதுக்கு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் சாட்சி. மதிப்பெண்ணுக்குப் பட்டச் சான்றிதழ் சாட்சி. இரண்டுக்கும் ட்ரூ காபி.

புத்தகத்தில் அவர் பெயரின் நடுவில் வரும் ‘கா’வுக்கு இங்கிலீஷில் கே போட்டிருந்தது. பட்டத்தில் ஜி.

நமக்கு அது ஒரு விஷயமே இல்லை. தமிழில் ஒரே ‘க’. பள்ளிக்கூடத்து வாத்தியார் காதுக்கு ஒரு மாதிரி கேட்டது, சென்னையில் சான்றிதழ் எழுதியவர் காதுக்கு வேறு மாதிரி கேட்டது. ஆனால் இங்கிலீஷில் அவர்கள் இரண்டு ஆள். வயது ஒரு ஆளுக்கு இருக்கிறது, பட்டம் இன்னொரு ஆளுக்கு இருக்கிறது. நான் எழுத்தெழுத்தாகப் போகிறவன் என்பதால் அங்கே முட்டி நின்றேன்.

“சார், ரெண்டுலயும் பேரு வேற வேறயா இருக்குதுங்க.”

ராகவன் சார் பார்த்தார். சிவப்புப் பென்சில் வெளியே வந்தது. “அசிங்கம். ஒரே மாதிரி போடுய்யா. பட்டத்துல ஜின்னு இருக்குதுல்ல, அதையே ரெண்டுலயும் போடு.”

“அசல்ல கேன்னு இருக்குதுங்களே.”

“எனக்கு நீ இங்கிலீஷ் சொல்லித் தர்றியா?”

நான் அசலில் இருந்தபடிதான் அடித்தேன். கமலா வாசித்தாள், நான் விரல் வைத்துப் போனேன், பின்னால் புள்ளி வைத்தேன், மேசையில் கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் காலை குப்பைக் கூடையைக் கவிழ்த்தபோது அந்த எஸ்.எஸ்.எல்.சி. பக்கம் நாலாகக் கிழிந்து கிடந்தது. என் புள்ளி ஒரு துண்டில் இருந்தது. ராகவன் சார் தன் மெஷினில் வேறு பக்கம் அடித்து, கட்டோடு சேர்த்து அத்தாட்சிக்கு அனுப்பிவிட்டார் என்று புரிந்தது. கேட்டேன். “போய் வேலையைப் பாரு” என்றார். போய் வேலையைப் பார்த்தேன். கிழிந்த துண்டுகளை மட்டும் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஏகாம்பரத்துக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயத்தில் போடவில்லை. என் பக்கத்துத் தப்பு அதுதான், ஒப்புக்கொள்கிறேன். கைப்பிழை இல்லை, வாய்ப்பிழை.

நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். அவர் போனார். அங்கே அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அசலில் கே, அத்தாட்சி பெற்ற நகலில் மூன்று இடத்திலும் ஜி. கேள்வியே கேட்கவில்லை. ‘சான்றிதழ் நகல் மாற்றப்பட்டுள்ளது, விசாரிக்கவும்’ என்று குறிப்பெழுதி, நகலைப் பாலிடெக்னிக் பிரின்சிபாலுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிரின்சிபால் பத்து நாள் அவகாசம் கொடுத்தார். அதற்குள் விளக்கம் வராவிட்டால் மேற்படிப்பும் இல்லை, வேலையும் இல்லை. அடுத்த வருஷம் ஆடி வந்தால் அவருக்கு இருபத்தேழு முடிந்துவிடும். போடுவதென்றால் இன்னும் ஒரே ஒரு மனுதான் போட முடியும்.

அப்படித்தான் அன்று அந்த ஐந்து பேரும் அந்த அறையில் இருந்தோம்.

முனுசாமிதான் முதலில் பேசினார். “இன்னா சார், எம் புள்ளைய இப்டிப் பண்ணிப்புட்டீங்களே. மல்லாட்டை வித்த காசுல ரயிலேத்தி அனுப்பிச்சேன். ஊர்ல கள்ள சர்ட்டிபிகேட்டுன்னு பேசிக்கினு இருக்கானுங்க. ஒரே பேஜாரா கீது.”

ராகவன் சார் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குரல் மிகவும் மெதுவாக இருந்தது. “சுந்தரம், ஒரு வரி எழுதிக் குடுத்துடு. டைப் அடிக்கும்போது கை தவறிப்போச்சுன்னு. ரெண்டு நிமிஷ வேலை. அவரும் பொழைச்சுக்குவாரு, நீயும் இங்கயே இருக்கலாம்.”

ஏகாம்பரம் என் முகத்தையே பார்த்தார்.

“தம்பி,” என்றார் முனுசாமி, “நீ வேணும்னு பண்ணியிருக்க மாட்டே. ஒரு கையெழுத்துதானே. எம் புள்ள வேலைக்காக உன் கால்ல வேணாலும் விழறேன்.”

அந்த நிமிஷம் கையெழுத்துப் போட்டிருப்பேன். பயந்தவன் அப்படித்தான் செய்வான். பேனாவைக் கையில் கூட எடுத்துவிட்டேன். எழுத வேண்டிய வரியை மனசுக்குள் அடித்துப் பார்த்தேன். எதையும் அடித்துப் பார்க்காமல் எழுத எனக்கு வராது. கே. வலது கை நடுவிரல். ஜி. இடது கை ஆள்காட்டி விரல். விரல் இரண்டும் காற்றில் அசைந்தன.

பேனாவைக் கீழே வைத்தேன்.

“எழுத மாட்டேன் சார்.”

“ஏன்யா?”

“கே வலது கையில இருக்குதுங்க. ஜி இடது கையில இருக்குதுங்க. கை தவறினா பக்கத்து எழுத்துதான் விழும். ஜேயோ எல்லோ விழலாம். இந்தக் கைக்குப் பதிலா அந்தக் கை எப்படிங்க தவறும்? அதுவும் மூணு இடத்துலயும்?”

ஏழாம் மெஷினில் சத்தம் நின்றுவிட்டது.

“டைப் தெரிஞ்ச எவன் படிச்சாலும் சிரிப்பான்,” என்றேன். “வேணும்னே மாத்திட்டு, ஏழை டைப்பிஸ்ட்டுக்குக் காசு குடுத்து எழுதி வாங்கிட்டார்னு ஏகாம்பரம் சாருக்கு ரெண்டாவது கேஸ் வரும்.” இவ்வளவு நீளமாக நான் ராகவன் சார் முன்னால் பேசியதே இல்லை. நடுவில் குரல் உடைந்தது. உடைந்தால் உடையட்டும் என்று பேசினேன். “இது நான் அடிச்ச பக்கம் இல்ல. பின்னாடி என் புள்ளி இல்ல.”

“புள்ளியாம் புள்ளி,” என்றார் ராகவன் சார்.

கமலா எழுந்து வந்தாள். அந்தப் பக்கத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்தாள். “சார், இதுல ஏ எல்லாம் கோட்டுக்கு மேல எகிறிக்கினு நிக்குது. நாம பழகுற மெஷினுங்கள்ல எதுலயும் அப்படி வராது.” அவள் கண் ராகவன் சாரின் மேசை மெஷின் பக்கம் போய்விட்டு வந்தது. எங்கள் எல்லார் கண்ணும் போய்விட்டு வந்தது.

“நீ பரீட்சைக்குப் படிக்க வந்தியா, பஞ்சாயத்துப் பண்ண வந்தியா?” என்று கேட்டார் ராகவன் சார். முகம் சிவந்திருந்தது. “தப்பா இருந்ததைச் சரி பண்ணா அது குத்தமா? ஒரே ஆளுக்கு ரெண்டு ஸ்பெல்லிங். அசிங்கம்.” அப்படிச் சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. “எழுத்துல ஒண்ணும் தர மாட்டேன். என் கூரைக்குக் கீழ அந்த விளக்கக் காகிதம் அடிக்கவும் கூடாது.”

ஏகாம்பரம் அப்போதுதான் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார். தன் பைலைத் திறந்து ஒரு சின்னத் தாளை எடுத்தார். போன வருஷம் டைப்பிங் கூலிக்கு ராகவன் சார் தன் கையால் அடித்துக் கொடுத்த ரசீது. “அண்ணே, நீங்க அடிச்ச பக்கம் ஏதாச்சும் இருக்குதா?” என்று என்னைக் கேட்டார்.

“நாலு துண்டா இருக்குதுங்க. வீட்ல.”

“போதும்.”

மறுநாள் மூன்றையும் பாலிடெக்னிக் லேபில் இருந்த மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து அளந்தார். ரசீதில் ஏ எழுத்து கோட்டுக்கு மேல் எவ்வளவு எழும்பி நிற்கிறதோ, திருப்பி அனுப்பப்பட்ட நகலிலும் அவ்வளவே. என் கிழிந்த பக்கத்தில் ஏ கோட்டில் படிந்து உட்கார்ந்திருந்தது. இருபது இடத்தில் அளந்து அட்டவணை போட்டார். எழுத்துத் தண்டு வளைந்தால் அச்சு எங்கே விழும் என்று படம் வரைந்தார். கடைசியில், கேயும் ஜியும் எந்தெந்தக் கையில் இருக்கின்றன என்று விசைப்பலகையையும் வரைந்திருந்தார். ஐந்து பக்கம். கோர்ட் வாசலில் மெஷின் போட்டிருந்த ஒருவர் மணிக்கணக்கில் வாடகைக்குக் கொடுத்தார். புளியமரத்தடியில் உட்கார்ந்து நான்தான் அதை அடித்தேன். நான் சொன்னதை எழுதிக் கையெழுத்திட்டேன். ஒப்பிட்டு வாசித்தவள் என்று கமலாவும் கையெழுத்திட்டாள். பின்புறம் ஐந்து புள்ளி.

பேராசிரியர் ஏகாம்பரம் எத்தனையோ ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார், மலரில் பட்டியலே இருக்கிறது. அவர் எழுதிய முதல் கட்டுரை அந்தப் பட்டியலில் இல்லை. அது இதுதான்.

பிரின்சிபால் இரண்டு தரம் படித்தாராம். “இதைக் குற்றவாளியா எழுதினியா, லெக்சரரா எழுதினியா?” என்று கேட்டாராம். “ரெண்டு பேருக்கும் ஒரே மைக்ராஸ்கோப்தான் சார் கெடைச்சுது,” என்றாராம் இவர். பிரின்சிபால் சிரிக்கவில்லை. குற்றம் இல்லை என்று எழுதி, அந்த ஐந்து பக்கத்தோடு இரண்டாவது மனுவையும் தானே அனுப்பச் சம்மதித்தார். ஒரு நிபந்தனை: கே போட்டவரும் ஜி போட்டவரும் ஒரே ஆள்தான் என்று தாசில்தாரிடம் சான்று வாங்கி வர வேண்டும்.

திண்டிவனம் தாலுகா ஆபீசுக்கு முனுசாமியோடு நானும் போனேன். கூப்பிட்டார் என்று போகவில்லை. மனுவில் எழுத்து மாறிவிடுமோ என்ற கவலையில் போனேன். திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் ஒரு பொட்டலம் வறுத்த மல்லாட்டை வாங்கி என் கையில் வைத்தார். “அன்னிக்கு உன்னைப் பொய்யெழுதச் சொன்னேன். மனசுல வெச்சுக்காதப்பா,” என்றார்.

ஆபீசில் குமாஸ்தா கேட்டார்: “பெரியவரே, எது சரியான பேரு? கேயா, ஜியா?”

முனுசாமி யோசித்தார். “ஏகாம்பரம்னு கூப்புட்டா வருவானுங்க. இங்கிலீஷ்ல நான் கூப்புட்டதே இல்லீங்களே.”

குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். சான்று கிடைத்தது. இரண்டு எழுத்தையும் போட்டு, இருவரும் ஒருவரே என்று. அதற்கும் ட்ரூ காபி நான்தான் அடித்தேன்.

அந்த வருஷம் அவருக்கு இடம் கிடைத்தது. நேர்முகத்தில் பாதி நேரம் அந்த ஐந்து பக்கத்தைப் பற்றியே கேட்டார்களாம். படித்தார், திரும்பி வந்து பாடம் நடத்தினார், மறுபடி போய் டாக்டர் பட்டம் வாங்கினார், ஊர் ஊராகப் போய்ப் பேராசிரியர் ஆனார். அவருடைய துறையில் எம்.டெக். சேர்க்கையை அவர் பார்த்துக்கொண்ட காலத்தில், விதிகளில் ஒரு வரி சேர்த்தார்: பெயர் எழுத்தில் வேறுபாடு இருந்தால், நிராகரிக்கும் முன் மனுதாரரைக் கேட்க வேண்டும். அந்தத் தாளை எனக்குத் தபாலில் அனுப்பியிருந்தார். எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். பிழை இல்லை.

நான் அந்த மாடியில் மூன்று மாதம் இருந்தேன். துணிச்சல் வர மூன்று மாதம் ஆனது. பிறகு கோர்ட் வாசலில் அதே புளியமரத்தடியில் சொந்தமாக வாடகை மெஷின் போட்டேன். முப்பத்தோரு வருஷம். என் நகல் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. எட்டாவதை முடிக்காதவன் அடித்தது என்று யாரும் அதில் கண்டுபிடிக்கவும் இல்லை.

மலர் வந்ததும் ஏகாம்பரம் அவராகவே போன் செய்தார்.

“அண்ணே, நான் அப்படிச் சொல்லலீங்க. டைப் அடிச்ச எடத்துல ஒரு தப்பு நடந்துதுன்னுதான் பசங்ககிட்ட சொன்னேன்.”

“டைப்புல தப்பு நடக்கல சார். திருத்துனதுதான் தப்பு.”

“வாஸ்தவம்,” என்றார். பிறகு, தயங்கித் தயங்கி, “ராகவன் சார் புடிச்சுக்கிட்ட அந்தப் பணத்தை நானாச்சும் குடுத்துடறேன் அண்ணே,” என்றார்.

வேண்டாம் என்றேன். அது அவர் கடன் இல்லை. அந்த ஐந்து பக்கத்தை அடித்த மாதம் ராகவன் சார் என் சம்பளத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டு, சம்பளப் பதிவேட்டில் சிவப்புப் பென்சிலால் ‘டைப்பிங் பிழைக்கு அபராதம்’ என்று எழுதினார். அந்தப் பிழையைப் பாலிடெக்னிக் தள்ளுபடி செய்தது. வடக்கே தள்ளுபடி செய்தார்கள். வேலையை விட்ட பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவை மாடியேறிக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் “பார்க்கலாம்” என்றார். அவர் காலமாகிவிட்டார். பயிலகம் இன்னும் அதே மாடியில் அவருடைய குடும்பத்தார் கையில் நடக்கிறது. அவர்களுக்கும் இந்த மலரின் ஒரு பிரதி போகும். எழுத்திலும் எண்ணிலும் போட்டுவிடுகிறேன், பின்னால் யாரும் திருத்த முடியாதபடி.

வர வேண்டியது ரூ. 17.50. பதினேழு ரூபாய் ஐம்பது காசு.